நாசா சொன்னது என்ன? நாங்கள் படித்துப் பார்த்தோம்

போன ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். எங்கள் மாலைப் பள்ளிக்கு வருகிற பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கணினி அறிவியல் பிரிவில் படிப்பவள். பைத்தானில் சின்னச் சின்ன புரோகிராம் எழுதி, அது ஓடினால் தம்பி தங்கைகளைக் கூப்பிட்டுக் காட்டுபவள். என்னம்மா ஆச்சு என்று கேட்டோம். பள்ளியில் நடந்த ஒரு விழாவில் சிறப்புப் பேச்சாளராக வந்தவர் பேசியதைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டருக்கு ஏத்த மொழி உலகத்துலயே சமஸ்கிருதம்தானாம். நாசாவே ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்களாம். அதைத் தலைமுறை தலைமுறையா ஓதி வந்தவங்க மூளைக்கு கம்ப்யூட்டர் தானா வருமாம். அக்கா, அப்ப நமக்கு வராதுல்ல?"

அந்தச் செய்தி எங்களுக்குப் புதிதில்லை. வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு முறை வரும். பார்த்ததும் அழித்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். அன்றும் அதே பழக்கத்தில், "அதெல்லாம் பொய்ம்மா, நீ படி" என்று சொன்னோம்.

அவள் விடவில்லை. "பொய்யின்னு எப்படித் தெரியும்? நீங்க அந்த ஆராய்ச்சிய படிச்சிருக்கீங்களா?"

படித்ததில்லை. மேடையில் பேசியவரும் படித்திருக்கமாட்டார் என்பது எங்கள் ஊகம். ஆனால் அவர் படிக்காமல் "உண்மை" என்றார், நாங்கள் படிக்காமல் "பொய்" என்றோம். அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் தேடிப் பிடித்துப் படிப்பது என்று முடிவு செய்தோம். படித்ததில் தெரிந்ததையும், படிக்கப் படிக்க எங்களுக்குள் கிளம்பிய கேள்விகளையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஆசிரியப் பயிற்சி முடித்தவர், ஒருவர் டிப்ளமோ படித்தவர், இதைத் தட்டச்சு செய்பவர் சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு சமூகப்பணியில் இருப்பவர். திருக்கடையூரில் எங்கள் தெருவின் சமுதாயக் கூடத்தில் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறோம்.

திருக்கடையூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அபிராமி கோயில், அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். வருஷம் முழுக்க கார்களும் வேன்களும் வந்துகொண்டே இருக்கும். அப்பாவுக்கு அறுபது நிறைந்தால் வெளிநாட்டில் இருக்கும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். மண்டபங்களில் விசாரித்தால், மகன் கம்ப்யூட்டரில் இருக்கிறார் என்பார்கள். பல வீடுகளில் அப்பாவே அந்தக் காலத்து இன்ஜினியர்தான். எங்கள் தெருப் பெண்கள் சிலர் அந்த மண்டபங்களில் பாத்திரம் துலக்குகிறார்கள், இலை எடுக்கிறார்கள். மற்ற நாளில் நடவு, களையெடுப்பு. ஆக, கம்ப்யூட்டர் படித்த குடும்பங்களை எங்கள் பிள்ளைகள் பார்க்காமல் இல்லை. பந்தியின் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவும் பாத்திரம் துலக்கப் போகிறவர்தான். "நமக்கு வராதுல்ல?" என்று அவள் கேட்டதற்கு மேடைப் பேச்சு மட்டும் காரணமில்லை. தினமும் கண்ணால் பார்ப்பதற்கு அந்தப் பேச்சு ஒரு விளக்கம் கொடுத்துவிட்டது.

சரி, அந்த ஆராய்ச்சி என்ன? அது 1985ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வரும் 'ஏஐ மேகசின்' என்ற இதழில் வெளியான ஒரு கட்டுரை. எழுதியவர் ரிக் பிரிக்ஸ். சமஸ்கிருதத்தில் அறிவைக் குறித்துவைக்கும் முறையும் செயற்கை நுண்ணறிவும் என்பது அதன் பொருள். அவர் வேலை பார்த்த ஆய்வு நிறுவனம் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மைய வளாகத்துக்குள் இருந்தது. அவர் பெயருக்குக் கீழே அந்த முகவரி இருக்கும். நாசாவுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு அந்த முகவரிதான். திருக்கடையூர் என்று முகவரி போட்டு நாங்கள் எழுதுவதெல்லாம் அபிராமி சொன்னதாகிவிடுமா? அப்படித்தான் இதுவும். நாசாவின் விண்வெளி ஓடத்தை அந்தக் காலத்தில் பறக்கவைத்த புரோகிராம்கள் 'ஹால்-எஸ்' என்ற மொழியில் எழுதப்பட்டவை. அதற்கும் சமஸ்கிருதத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆனால் முகவரியைக் கேலி செய்துவிட்டுப் போனால் நாங்களும் அந்தப் பேச்சாளர் மாதிரிதான். கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கணினியை மனித மொழி புரிந்துகொள்ள வைக்க முடியுமா என்று 1950களிலிருந்தே பல்கலைக்கழகங்களில் முயன்றார்கள். 1954இல் ரஷ்ய வாக்கியங்கள் சிலவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டினார்கள். இன்னும் கொஞ்ச வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று அப்போது நம்பினார்கள். முடியவில்லை. 1966இல் அமெரிக்காவில் ஒரு குழு, இந்த வேலையில் போட்ட பணத்துக்குப் பலன் இல்லை என்று அறிக்கை கொடுத்தது, நிதி வற்றிப்போனது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது, வாக்கியம் சொல்லும் பொருளைக் கணினிக்குள் ஏதாவது ஒரு வடிவத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அப்படி வந்த வடிவங்களில் ஒன்று பொருள் வலை. ஒரு வட்டத்துக்குள் ஒரு பொருள், இன்னொரு வட்டத்துக்குள் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு அம்புக்குறி, அந்த அம்புக்குறிக்கு ஒரு பெயர். 1982இல் ஜப்பான் 'ஐந்தாம் தலைமுறைக் கணினி' என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கியதும் உலகம் முழுக்க இந்தத் துறையில் பணம் கொட்டியது. பிரிக்ஸ் எழுதியது அந்த நேரத்தில்.

அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இலக்கணத்தையும் தர்க்கத்தையும் கற்ற பிற்கால சமஸ்கிருத இலக்கண ஆசிரியர்கள், ஒரு வாக்கியத்தை எடுத்து, அதில் செய்பவர் யார், செய்யப்படுவது எது, எதைக் கொண்டு, எங்கே, யாருக்காக என்று பிரித்து, குழப்பமில்லாத நீண்ட விளக்கமாக எழுதும் வழக்கம் வைத்திருந்தார்கள். நாம் பொருள் வலையில் வரைவதும் அவர்கள் எழுதியதும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். சமஸ்கிருதத்தை அவர் மிகவும் வியந்து எழுதியிருக்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சமஸ்கிருதத்தில் புரோகிராம் எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை ஓதும் குடும்பத்தில் பிறந்தால் கணினி தானாக வரும் என்று சொல்லவே இல்லை. 1986 டிசம்பரில் பெங்களூருவில் இதை ஒட்டி ஒரு மாநாடும் நடந்தது. பிறகு கட்டுரையை விட்டுவிட்டு அதன் பெருமை மட்டும் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியது. சுற்றச் சுற்ற ரிக் பிரிக்ஸ் காணாமல் போய் நாசா வந்து நின்றது.

கட்டுரையைப் படித்து முடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. ஆங்கிலம் கடினம், பொருள் அதைவிடக் கடினம். அகராதி, யூடியூப், கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் என்று பலரைத் தொல்லை செய்தோம். அதில் வரும் ஒரு எடுத்துக்காட்டு எங்கள் கவனத்தைப் பிடித்து நிறுத்தியது. ஒருவர் தன் நண்பருக்காகப் பானையில் சோறு ஆக்குவது பற்றிய வாக்கியம் அது. நெல் விளையும் ஊரில் இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? அடுத்த சனிக்கிழமை அதையே வகுப்பாக நடத்தினோம்.

ஆறு அட்டைகளில் ஆறு சொற்கள் எழுதினோம். அம்மா, அன்பால், தம்பிக்கு, பானையில், சோற்றை, ஆக்கினாள். ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். மற்றவர்கள் சத்தமாகப் படித்தார்கள். பிறகு இடம் மாறி நிற்கச் சொன்னோம். தம்பிக்கு அம்மா பானையில் அன்பால் சோற்றை ஆக்கினாள். இன்னொரு முறை. சோற்றைப் பானையில் ஆக்கினாள் தம்பிக்கு அன்பால் அம்மா. சிரிப்பு வந்தது, ஆனால் பொருள் மாறவில்லை. ஆறு அட்டைகளை 720 விதமாக அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் ஆக்கியது அம்மாதான், சாப்பிடப் போவது தம்பிதான். இங்கிலீஷில் 'நாய் மனிதனைக் கடித்தது' என்பதில் நாயையும் மனிதனையும் இடம் மாற்றி நிறுத்தினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். தமிழில் அப்படி ஆகாது. ஐ, ஆல், கு, இல் என்று சொல்லின் வாலிலேயே அதன் வேலை ஒட்டியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "இது வேற்றுமை உருபுண்ணே, தமிழ் அய்யா நடத்துனாரு" என்றான்.

ஆமாம், வேற்றுமை உருபுதான். தொல்காப்பியம் பேசுகிற வேற்றுமை. எந்த வசதியைச் சொல்லி மேடையில் பெருமை பேசினார்களோ அது இந்தப் பிள்ளைகள் வீட்டில் சண்டை போடும் மொழியிலும் இருக்கிறது. தெலுங்கில் இருக்கிறது, ஜப்பானிய மொழியில் இருக்கிறது, துருக்கிய மொழியில் இருக்கிறது. அதனால் தமிழ்தான் கணினிக்கு ஏற்ற மொழி என்று நாங்கள் அடுத்த வாட்ஸ்அப் செய்தியைத் தயார் செய்யவில்லை. எந்த மொழியும் கணினிக்குச் சொந்தக்காரன் இல்லை என்று மட்டும் சொன்னோம்.

பிறகு அட்டைகளை வாங்கி வைத்துவிட்டுக் கரும்பலகையில் வலை வரைந்தோம். நடுவில் 'ஆக்குதல்' என்று ஒரு வட்டம். அதிலிருந்து அம்புகள். யார்? அம்மா. எதை? சோறு. எதில்? பானை. யாருக்கு? தம்பி. எதனால்? அன்பு. இதுதான் 1985இல் பெரிய ஆராய்ச்சி என்றோம். எல்லாரும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் வரையாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இதுல அரிசி எங்கேர்ந்து வந்துச்சுன்னு இல்லியே?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்க அம்மா நட்டது."

சாக்பீஸை அவர்களிடமே கொடுத்துவிட்டோம். அரிசியிலிருந்து ஒரு அம்பு நெல்லுக்குப் போனது. நெல்லிலிருந்து நட்டவர், களை எடுத்தவர், அறுத்தவர். அங்கிருந்து கூலி. நிலம் யாருடையது என்று ஒரு அம்பு. தண்ணீர் மேட்டூரில் திறந்தார்களா என்று ஒரு அம்பு. பலகை போதவில்லை, சுவரில் போட ஆரம்பித்தார்கள்.

எங்கள் அன்றைய பாடத்திட்டத்தில் இது இல்லை. ஆனால் அந்தத் துறையின் நடுவில் இருந்த சிக்கலை அந்தப் பையன் தொட்டுவிட்டான். வலையில் எந்த அம்பு இருக்கும், எது இருக்காது என்று முடிவு செய்பவர், வரைபவர். 1970களிலும் 80களிலும் 'நிபுணர் அமைப்பு' என்று ஒரு வகைப் புரோகிராம் பிரபலம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'மைசின்' ரத்தத்தில் பரவும் கிருமித் தொற்றைக் கண்டறிந்து மருந்து பரிந்துரைக்கும். மருத்துவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, சில நூறு விதிகளாக எழுதினார்கள். நிபுணர் என்றால் அன்று மருத்துவர், நிலவியலாளர், இன்ஜினியர். எந்த வயலில் எத்தனை நாள் நாற்றைப் பறிக்க வேண்டும், சேற்றில் எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று கைக்குத் தெரிந்த பெண்ணிடம் உட்கார்ந்து கேட்க எங்கள் தெருவுக்கு எவரும் வந்ததில்லை. அவருடைய அறிவு அறிவுக் கணக்கில் வரவில்லை. கூலிக் கணக்கில் வந்தது, அதுவும் குறைத்து.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாணினி பெரிய ஆள். ஏறக்குறைய 4,000 சூத்திரங்களில் ஒரு மொழியின் இலக்கணத்தையே விதிகளாக எழுதிவைத்தவர். புரோகிராமிங் மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் ஒரு குறிமுறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாம் என்று 1967இலேயே கணினி அறிவியல் இதழில் ஒருவர் யோசனை சொன்னார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாணினியின் வழியை எடுத்து, இன்று மக்கள் பேசும் இந்திய மொழிகளுக்குப் பொருத்திப் பார்த்த குழு ஒன்று இருந்தது. 1995இல் அது நூலாகவும் வந்தது. நேர்மையான உழைப்பு அது, யாருடைய பிறப்புப் பெருமைக்கும் அது சான்றிதழ் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம், 1990 வாக்கில் ஐபிஎம் ஆய்வாளர்கள் இலக்கண விதிகளை ஓரமாக வைத்துவிட்டு, கனடா நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதிவான பேச்சுகளைக் குவியலாகக் கணினிக்குக் கொடுத்து, எண்ணிக்கையிலிருந்தே மொழிபெயர்க்கக் கற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு துறை அந்தப் பாதையில்தான் வேகமாகப் போனது. இன்றைய செயற்கை நுண்ணறிவும் அந்த வழி வந்ததுதான். எந்த மொழியில் மக்கள் நிறையப் பேசி, எழுதி, சேர்த்து வைத்திருக்கிறார்களோ அந்த மொழி அதற்கு நன்றாக வரும். 'ஏற்ற மொழி' என்ற பேச்சுக்கே அங்கு வேலையில்லை.

பாபாசாகேப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பையனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றார்கள், பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் தானே முயன்று சமஸ்கிருதம் கற்றார். ஒரு மொழியைப் படிக்கவிடாமல் கதவைச் சாத்திவிட்டு, பிறகு அந்த மொழி தெரியாததால் உனக்கு மூளை இல்லை என்று சொல்வது பழைய வித்தை. எங்கள் மாணவியிடம் அன்று மேடையிலிருந்து சொன்னது அதன் கணினிப் பதிப்பு. முதுகலையில் எம். என். சீனிவாஸ் சொன்ன 'சமஸ்கிருதமயமாக்கம்' பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறோம். மேல்சாதிப் பழக்கங்களைப் பின்பற்றி ஒரு சாதி மேலே ஏறப் பார்ப்பது என்று அதற்கு விளக்கம். ஏணியே வேண்டாம், நீ கீழேயே இரு என்று பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்வதற்கு என்ன பெயர் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் நம் நாட்டில் கணினி யாருக்கு வந்தது? மொழியை விட்டுவிட்டு ஆண்டுகளைப் பார்ப்போம்.

1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 1620 கணினி வந்தது. இந்தியாவில் கணினிக் கல்வி வேர் பிடித்த இடங்களில் முக்கியமானது அது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கியது. அதே பத்தாண்டில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூலியை உயர்த்திக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்.

1973ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டு வெண்மணி வழக்கில் மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் ஐபிஎம் 370 வகைப் பெரிய கணினி நிறுவப்பட்டது. அதே ஆண்டுதான் ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது. முதல் ஐ.ஐ.டி. கரக்பூரில் தொடங்கியது 1951இல். நடுவில் 22 ஆண்டுகள். கான்பூரில் அந்த முதல் கணினியைத் தொட்டுப் பழகிய தலைமுறைக்கு நடுவே இடஒதுக்கீட்டில் வந்த மாணவர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் இடஒதுக்கீடே இல்லை.

அன்றைய கணினி இன்று நம் கையில் இருப்பது போல் இல்லை. அட்டையில் துளை போட்டு, ஒரு அட்டைக்கு 80 எழுத்து என்று புரோகிராமை அடுக்கி, குளிரூட்டிய அறைக்கு வெளியே கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் தப்பு என்றால் மறுபடி அட்டை, மறுபடி காத்திருப்பு. அப்படிப் பழகிப் பழகித்தான் அந்தத் தலைமுறைக்குக் கணினி 'வந்தது'. தானாக வரவில்லை. அந்த அறைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் இருக்க முடிந்தவர்களுக்கு வந்தது. அவர்களில் பலர் வெளிநாடு போய் முனைவர் பட்டம் வாங்கினார்கள், பேராசிரியர் ஆனார்கள், தங்கள் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உழைக்க வாய்ப்புக் கிடைத்ததைப் பிறப்பின் தகுதியாக மாற்றிச் சொல்வதை ஏற்க முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' இதைத்தான் விரிவாகக் காட்டுகிறது. மாணவத் தோழர்கள் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மாணவர் சேர்க்கையில் கதவு திறந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 2008இல். மத்திய கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்கு என்றே தனிச் சட்டம் வந்தது 2019இல். இந்த இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஆராய்ச்சியில் எதைக் கேள்வியாக எடுப்பது, யாரை மாணவராகச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் பேராசிரியர். அந்த நாற்காலிக்கான கதவு கடைசியாகத்தான் அசைந்திருக்கிறது. நம் பிள்ளைகள் வேலைக்காகக் கணினி படிக்கிறார்கள், நல்லது, வேலை வேண்டும். ஆனால் வலையை வரைகிற இடத்தில் நம் ஆட்கள் இல்லாவிட்டால் அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

அறையில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சாட்சி உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1715இல் அங்கே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள். தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டு வந்த காலம் அது. 1991இல் தமிழ் எழுத்து யூனிகோடு என்ற எண் அட்டவணைக்குள் ஏறியது. இந்திய மொழிகளுக்கென்று அரசு வகுத்திருந்த பொதுச் சட்டகத்தை அப்படியே அடிப்படையாக எடுத்தார்கள். தேவநாகரிக்கு எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் தமிழுக்கும். இன்றும் அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள், க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று கட்டம் காலியாகக் கிடக்கும். நமக்கு இல்லாத எழுத்துகளுக்கு நம் வீட்டில் இடம். அன்றைக்குத் தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டவர்களில் பலர் சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, கனடா என்று சிதறியிருந்த ஆர்வலர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு பொது வடிவம் முடிவானபோது எண் அட்டவணை எப்போதோ முடிந்திருந்தது. எங்கள் மாணவிக்கு இந்தக் காலிக் கட்டங்களைக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை யாரு முடிவு பண்ணுனாங்க?" என்று கேட்டாள். "நமக்கு வராதுல்ல?" என்று கேட்ட அதே பெண்.

அவள் இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் இளநிலை கணினி அறிவியல் படிக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று கதையை முடிக்க எங்களுக்கு ஆசைதான். சரியாகவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் வாய் திறக்கத் தயக்கம், விடுதியில் இடம் கிடைக்கவில்லை, தினமும் பேருந்து, உதவித்தொகை தாமதம். முதல் பருவத்தில் ஒரு தாளில் தோல்வி. அன்றிரவு எங்களிடம் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நம்பிக்கை வாசகம் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. அடுத்த தேர்வில் அந்தத் தாளை எழுதித் தேறினாள். போன வாரம் வந்து, அந்த 1985 கட்டுரையின் நகலைக் கேட்டு வாங்கிப் போனாள். "அப்ப பாதி புரியல, இப்ப திரும்பப் படிக்கணும்" என்றாள்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் இரண்டே வேண்டுகோள். யாராவது மேடையில் அறிவியலின் பெயரால் உங்கள் பிறப்பைக் குறைத்துப் பேசினால், "பொய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தக் கட்டுரை, யார் எழுதியது, எந்த ஆண்டு என்று கேளுங்கள். தேடிப் படியுங்கள், ஒன்பது நாள் ஆனாலும் பரவாயில்லை. இரண்டாவது, கணினி படிப்பவர்கள் வேலையோடு நின்றுவிடாமல் ஆராய்ச்சிப் படிப்பு என்று ஒன்று இருப்பதையும் மனதில் வையுங்கள். ஏற்கெனவே அந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் தோழர்கள் இருந்தால் ஒரு சனிக்கிழமை மாலை திருக்கடையூருக்கு வந்து எங்கள் பிள்ளைகளிடம் பேசுங்கள். சமுதாயக் கூடத்துச் சுவரில் அந்த அம்புகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.